ஊற்று மணலைத் தொடாதீர்கள்

ஆற்று மணல் எடுக்க அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பாலாற்றில் எங்கள் ஊர்ப் பக்கம் மறுபடியும் குவாரி வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்கு, "ஒரு வெள்ளம் வந்தால் மணல் தானாக நிரம்பிவிடும், அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அன்று பேச நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சித்திரையில் அந்த மணல் காலைச் சுடும். அம்மா உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் பறிப்பார். முழங்கை ஆழத்தில் சில்லென்று ஈரம். முதலில் ஊறுவது கலங்கல். இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், அடியில் மணல் பொங்கப் பொங்கத் தெளிந்த தண்ணீர் வரும். துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவோம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம்.

அதைத் தெளிய வைத்தது மணலுக்குள் இருக்கும் உயிர்கள். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் பாக்டீரியாக்கள் மெல்லிய வழவழப்பாகப் படிந்திருக்கின்றன. தண்ணீரோடு வரும் அழுக்கை அவை தின்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த இடங்களில் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத, இறால் இனத்தைப் போன்ற சின்னஞ்சிறு கூனிகள் அந்தப் படலத்தை மேய்ந்து, துகள்களுக்கு இடையிலுள்ள வழி அடைபடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆற்று நீரும் நிலத்தடி நீரும் கலக்கும் இந்த அடுக்குக்கு 1959-லேயே ருமேனிய ஆய்வாளர் திராயன் ஒர்கிடான் 'ஹைப்போரீக்' என்று பெயர் வைத்தார். மணலில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருக்கிறது.

முன்பு குவாரி நடந்த இடத்தை வந்து பாருங்கள். எங்கள் குடிநீர்க் கிணற்றின் ஒன்பது உறைகள் ஆற்று நடுவே புகைபோக்கி மாதிரி வெளியே நிற்கின்றன. அத்தனையும் மணலுக்குள் இருந்தவை. பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. கை விட்டால் அடியில் கொழகொழவென்று களி. வெள்ளம் நிரப்பியது அந்தக் களியைத்தான். அதில் ஊற்று பறிக்க முடியாது. அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கேன் தண்ணீர் வண்டி வரும் நேரம் பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

2016-ல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலே 3 மீட்டர் அல்லது நீர்மட்டம், இதில் எது குறைவோ அதற்குமேல் தோண்டக் கூடாது என்கிறது. அங்கே அளவுகோலோடு நின்றவர் யார்? லாரிகளை எண்ணியவர் யார்? இந்த ஆற்றுக்குத்தான் எத்தனை அடி! மேலே தண்ணீர் நின்றுபோனது. தோல் பதனிடும் ஆலைகளின் உப்புக் கழிவு கலந்தது. அதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உப்பை மணலாலும் எடுக்க முடியாது. மிச்சம் இருப்பது இந்த மணல் மட்டும்தான், அதற்கும் டெண்டர் என்றால் வயிறு எரிகிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஊற்று மணலைத் தொடாதீர்கள். குவாரி கேட்டு வந்த விண்ணப்பத்தை நிராகரியுங்கள். அப்புறம், அந்த ஒன்பது உறைகளையும் ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைக்காரன் ஒருவன்