மாசி மகம்: கருப்பு வெள்ளை நடை

நண்பர்களே, மாசி மகத்தன்று கருப்பு வெள்ளைப் படம் எடுக்க, காலை 6 மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை காந்தி சிலை அருகே கூடுவோம். அங்கிருந்து வடக்கே வைத்திக்குப்பத்துக்கு நடந்தே போகலாம். வண்டி வேண்டாம், நெரிசல் தாங்காது.

மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள். நம் கண் இந்த முறை தெருவில் ஆடுபவர்கள், அடிப்பவர்கள் மேல்: பம்பை, உடுக்கை, கரகம், பொய்க்கால் குதிரை.

கேமராவில் மோனோக்ரோம் வைத்துக்கொண்டு ரா (RAW, கேமரா பதப்படுத்தாத மூலக்) கோப்பாக எடுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். அது பிறகு படத்தைத் திருத்தும்போது ரொம்ப உதவும். சிவப்புப் புடவையும் பச்சை ரவிக்கையும் சாம்பலில் ஒரே மாதிரி ஆகிவிடலாம், அப்போது நிறவாரியாக வெளிச்சம் கூட்டிக் குறைத்துப் பிரிக்கலாம். நம் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பார்த்து எடுத்தால் நிழலுருவம், கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் நல்ல வெளிச்சம். பத்து மணிக்கு மேல் கண்குழியில் நிழல் விழும், நிறுத்திவிடுவோம். குதிரை ஆட்டத்துக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி. பம்பை அடிக்கும் கை கலங்கித் தெரிய 1/30 போதும்.

அப்புறம், முக்கியமான விஷயம். கேட்டுவிட்டு எடுங்கள். சாமி வந்து ஆடுபவர் முகத்துக்கு அருகே லென்ஸை நீட்டாதீர்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. போன வருடம் ஒரு பம்பைக் கலைஞரிடம் படம் தருகிறேன் என்று சொல்லி, எண் வாங்காமல் வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது. இந்த முறை எல்லோரும் எண் வாங்குங்கள், பிரின்ட் செலவு குழுவுடையது.

வருபவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.