தையல்சிட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்து 5 வாரம் ஆகிறது. வேலை அதிகமாயிருக்கும். பணம் தேதி தவறாமல் வந்துவிட்டது. கைமாத்து வாங்கி அனுப்பாதே, எங்களுக்கு என்ன செலவு. தேவனாம்பட்டினத்துப் பையன்கள் ரெண்டு பேர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டார்கள். ஆள் குறைப்பாம். அது கிடக்கட்டும்.

பின்பக்கத்து பாதாம் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. "அதுக்கு யாருப்பா தைக்கக் கத்துக் குடுத்தது?" என்று கேட்பாயே, அதே குருவிதான். லாரன்ஸ் ரோட்டுக் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தைப்பது பெட்டை. இலை ஓரத்தில் அலகால் துளை போட்டு, நாரையும் சிலந்தி நூலையும் இழுத்துவிடுகிறது. முடிச்சே கிடையாது; வெளியே வந்த முனை பஞ்சாய் விரிந்து பிடித்துக்கொள்கிறது. 40 வருஷம் தைத்தவன் சொல்கிறேன், இலையில் ஒரு கிழிசல் இல்லை. 10 கிராம் தேறாத உடம்பு, கத்தினால் தெருவுக்கே கேட்கிறது. சிங்கப்பூரிலும் உண்டாம். கண்ணில் பட்டதா?

மாடி வீட்டு வாத்தியார் பெயர்க்கதை சொன்னார். 1769-இல் பென்னன்ட் என்ற வெள்ளைக்காரர் லத்தீனில் 'சுட்டோரியா' என்று வைத்தாராம். அந்த பாஷையில் 'சுட்டோர்' என்றால் தைப்பவர், முக்கியமாகச் செருப்புத் தைப்பவர். இங்கிலீஷில் டெய்லர் பேர்ட். இந்திக்காரர்களுக்கு தர்ஜி. எல்லாருக்கும் அதன் நிறத்துக்கும் குரலுக்கும் முன்னால் கைவேலைதான் கண்ணில் பட்டிருக்கிறது. மட்டமாக நினைத்தா வைத்தார்கள்?

நான்தான் மட்டமாக நினைத்தேன். எட்டாவது படிக்கையில் வெட்டுத்துணியில் ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாய். காஜாகூட எடுத்திருந்தாய். "டெய்லர் பையன் டெய்லராவே சாகணுமா" என்று கத்தரியைப் பிடுங்கிக் கை நீட்டிவிட்டேன். காஜா நேராக இருந்தது, தம்பி. பார்த்தேன், சொல்லவில்லை. உன் பள்ளிக்கூட பாரத்தில் அப்பா தொழில் 'வியாபாரம்' என்று எழுதியவனும் நான்தானே. என் வெட்கத்தை உன் கன்னத்தில் இறக்கினேன்.

அந்தப் பை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ரெண்டாவது மெஷினுக்கு பெல்ட் மாற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்காதே. கூட்டில் முட்டை 3 இருக்கிறது, பொரிக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கைமாத்து வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசு.

உன் அப்பா