மகனை லைனுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் நாம் இரண்டு பேரும் பழைய கதைக்குப் போய்விடுவோம், நீ கேட்ட கேள்வி அப்படியே நின்றுவிடும். பையனுக்கு லைன்மேன் வேலை கிடைத்துவிட்டது, அவன் அம்மா சரியாகப் பேசுவதில்லை, நீயும் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். அனுப்பு. அதுதான் என் பதில். ஆனால் ஒரு விஷயம் அவன் மண்டையில் ஏறிய பிறகு அனுப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் இங்கே நடந்த ஒரு சேதி. நாம் சேர்ந்த புதிதில் இழுத்தோமே அந்த 11 கேவி லைன், 11,000 வோல்ட் போகிறது, அதைக் கழற்றிவிட்டுத் தரைக்கடியில் கேபிள் போடுகிறார்கள். கம்பத்து உச்சியில் குறுக்கே இருக்கிற கிராஸ் ஆர்மைக் கீழே இறக்கி வைத்தபோது பின் இன்சுலேட்டரோடு லைன் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்த பைண்டிங்கைப் பார்த்தேன், பார்த்த உடனே அது உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கட்டி முடித்ததும் நுனியை வெட்டி அப்படியே நீட்டி விட்டுவிடுவார்கள். நீ மட்டும்தான் பிளையரால் நுனியை உள்ளே மடித்து கம்பியோடு சேர்த்து அழுத்திவிடுவாய், கேட்டால் ‘பின்னால் ஏறுகிறவன் கையைக் கிழிக்கும்டா’ என்பாய். இத்தனை வருஷ மழைக்கும் காற்றுக்கும் ஒரு சுற்றுகூடத் தளரவில்லை மச்சான். புதிதாகச் சேர்ந்த பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒருவன் நகத்தால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. பெருமை என்று நீயும் நானும் பேசுவோமே, எனக்கு அது இதுதான். தெருவில் விளக்கு எரிந்ததும் ஜனங்கள் கைதட்டுவது சந்தோஷம்தான், அந்த நேரத்தில் நமக்கும் மனசு நிறையத்தான் செய்யும், ஆனால் அடுத்த நாள் காலையில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. யார் கட்டினது என்று தெரியாத ஒருவன் பல வருஷம் கழித்து ஏறிக் கை வைக்கும்போது அவன் கை கிழியாமல் இருக்கிறதே, அது வேறு.

இனி பையனுக்கான பேச்சு. இந்தப் பக்கங்களை அவனிடமே படிக்கக் கொடுத்துவிடு, நீ அப்பாவாகச் சொன்னால் ‘ம்’ என்று கேட்டுக்கொண்டு போய்விடுவான்.

அவன் வயதில் நாமும் அப்படித்தான், பயம் இல்லை என்பதைத்தான் தைரியம் என்று நினைத்தோம். கரண்டுக்கு வாசனை இல்லை, பெரும்பாலும் சத்தமும் இல்லை. பாம்பாவது சீறும், அறுந்து கிடக்கிற கம்பி சும்மாதான் கிடக்கும். வீட்டில் எரிகிற 60 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர் இழுக்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லியாம்பியர் அளவு, சில நொடி மார்பு வழியாகப் போனாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். அதற்கும் குறைவாக, 10 மில்லியாம்பியர் வாக்கில் இருக்கும்போதே பிடித்த கை விட்டு வராது. ‘230 தானே, சின்ன லைன்தானே’ என்கிற பேச்சை அவன் வாயிலிருந்து வர விடாதே. ஈரக் கைக்குச் சின்ன லைன் என்று ஒன்று இல்லை.

புயல் அடித்து மூன்றாவது ராத்திரி நடந்ததை அவனிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாயா? நீயும் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றாய். பாதிக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, நம் ஆட்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை, எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கிய வேறு ஊர் கேங் ஆட்கள் யார் எவர் என்று கேட்காமல் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். வீட்டில் அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும், சீக்கிரம் ஏறுங்கள் என்று ஒருவர் அழுதுகொண்டே கத்துகிறார், அவரைப் பார்க்கவே முடியவில்லை. சப்ஸ்டேஷனில் பிரேக்கர் ஆஃப், கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டாயிற்று, கரண்டை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிற லைன் கிளியரும் கையில் இருக்கிறது, அப்புறம் எதற்கு நிற்கிறீர்கள் என்று விவரம் தெரிந்த ஒருவரே கேட்டார். நம் ஃபோர்மேன் அண்ணன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ‘ராட் போடாமல் ஒருத்தனும் ஏறக் கூடாது’ என்றார், லைன் கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராட்டைத்தான் சொன்னார், அவ்வளவுதான்.

எர்த் கம்பியை ஈர மண்ணில் அடித்து இறக்கி, அதில் ஒயரை முறுக்கி, கிளாம்பை அவரே கையால் இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நீள ராட்டைத் தூக்கி மேலே கம்பியில் கொக்கியை மாட்டினார். மாட்டவில்லை, தொடப் போனார், அதற்குள் டப்பென்று நீல வெளிச்சம். கூட்டம் முழுக்கப் பின்னால் நகர்ந்தது. யாரோ ஒருவர் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குப் போகாமல் பிரித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் வீட்டு லைனிலேயே ஜெனரேட்டரைக் கொடுத்திருக்கிறார். அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும்போது 11,000 வோல்ட் ஆகிவிடும், எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கின லைன் கிளியருக்கு அது தெரியுமா? ஏறியிருந்தால் முதலில் ஏறுகிற முறை யாருடையது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ‘ஜெனரேட்டர் எங்கே ஓடுதுன்னு பாருங்கடா, டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிங்க’ என்றார். எல்லாம் பிரித்து, மறுபடி சோதித்து, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ராட் போட்ட பிறகுதான் விட்டார். போடும்போது முதலில் மண், பிறகு கம்பி. எடுக்கும்போது முதலில் கம்பி, பிறகு மண். இதைப் பையன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். இப்போது மாடிக்கு மாடி சோலார், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது, எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் திரும்பி வரும் என்று நம் காலத்தைவிட அவன்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் நம்மோடு சேர்ந்த அவன். பெயர் எழுதக் கை வரவில்லை, உனக்குத் தெரியும். ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து வருகிற இரண்டு தனித்தனி லைன், ஒன்று ஆஃப், ஒன்று ஆன். அவன் ஏறியது ஆன் பக்கம். அன்றைக்குக் கீழே நின்ற இரண்டு சின்னப் பையன்களில் ஒருவன் பிறகு என்னிடம் சொன்னான், அந்த அண்ணன் ஏறும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது, இவ்வளவு சீனியரிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன் என்று. அந்தப் பையனைத் திட்ட என்னால் முடியவில்லை. வாயைத் திறக்கிற பழக்கத்தை நாம்தானே அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்? ஏறு என்றால் ஏறு, எதிர்த்துப் பேசாதே என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

உன் மகன் மண்டையில் ஏற வேண்டும் என்றேனே, அது இதுதான். மேலே இருக்கிறவன் யாராக இருந்தாலும், ஃபோர்மேனோ, இன்ஜினியரோ, சொந்த மாமன் நானோ, சந்தேகம் வந்தால் ‘இறங்குங்க’ என்று கத்த வேண்டும். சந்தேகம் தப்பாகப் போனால் போகட்டும், பத்து நிமிஷம் வீண், அவ்வளவுதான். அதே மாதிரி நாளைக்கு அவன் சீனியராகி மேலே நிற்கும்போது கீழே இருந்து ஒரு சின்னப் பையன் இறங்குங்கள் என்றால், ஏன் என்று மேலேயே நின்று வாதாடாமல் இறங்கி வந்து கேட்க வேண்டும். இறங்கினால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிறவனோடு ஜோடி சேர்ந்து வேலைக்குப் போகாதே என்று அவனிடம் சொல். லைன்மேன் எல்லாம் அண்ணன் தம்பி என்று மேடையில் பேசுகிறார்கள், புயல் நேரத்தில் அது உண்மைதான், அந்த வேறு ஊர் ஆட்களை நாம் கண்ணால் பார்த்தோம். ஆனால் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஃபியூஸ் போடுகிற சின்ன வேலையில், இருண்ணே என்று ஒரு வார்த்தை சொல்கிறவன்தான் எனக்குத் தம்பி.

சமீபத்தில் படித்தேன், 1889 அக்டோபர் மாதம் நியூயார்க்கில் ஜான் ஃபீக்ஸ் என்று ஒரு தந்தி லைன்மேன், பட்டப்பகலில், நடுத்தெருவில், நூற்றுக்கணக்கான ஜனங்கள் பார்க்க, கம்பி வலைக்குள்ளேயே சிக்கி இறந்திருக்கிறார். அவர் கை வைத்தது பவர் இல்லாத தந்திக் கம்பி. எங்கேயோ தள்ளி அது ஒரு பெரிய வோல்டேஜ் கம்பியோடு உரசிக்கொண்டிருந்திருக்கிறது. நம் ஆளுக்கு நடந்ததற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை. செத்த இடத்துப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் டப்பாவை அடித்து வைத்து, போகிற வருகிற ஜனங்கள் அவர் மனைவிக்காகக் காசு போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் மேலே தொங்கிய கம்பிகளை வெட்டி இறக்கித் தரைக்கடியில் போடுவது வேகம் பிடித்தது. இரண்டு வருஷம் கழித்து, 1891இல், செயின்ட் லூயிஸில் 10 பிரதிநிதிகள் கூடி மின் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள், அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லரும் ஒரு லைன்மேன்தான். ஊர் ஊராகப் போய், போன இடத்தில் கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆள் சேர்த்தவர். 1896இல் வாஷிங்டனில் லைன் வேலையில் ஷாக் அடித்துக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி வேண்டும், ஜோடி ஆள் வேண்டும் என்று நாம் இன்றைக்குக் கேட்பதெல்லாம் இப்படிப்பட்டவர்கள் உயிரைக் கொடுத்து ஆரம்பித்து வைத்தது.

கேட்டு வாங்கினது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். நிரந்தர ஆளுக்கு நல்ல கையுறை, கான்ட்ராக்ட் பையனுக்கு ஓட்டை கையுறை அல்லது வெறுங்கை. வாரத்துக்கு ஒருமுறையாவது நான் இதற்குச் சண்டை போடுகிறேன். பையனுக்குக் கையுறை கொடுத்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடு: வாய்ப் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போனால் காற்று விரல்களுக்குள் போய் உப்பும், கன்னத்துப் பக்கத்தில் வைத்து அழுத்தினால் ஊசி ஓட்டை இருந்தால்கூடக் காற்று கன்னத்தில் படும். தினமும் பார்க்க வேண்டும், தன்னுடையதை மட்டும் இல்லை, கூட வருகிற கான்ட்ராக்ட் பையனுடையதையும்.

உன் கைக்கு வருகிறேன். நீ அதை எழுதவில்லை, ஆனால் அவன் உன் இடது கையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், அவன் அம்மா பேசாமல் இருப்பதும் அந்தக் கையால்தான். அதே அம்மாவிடம் இதையும் சொல்: மூச்சு நின்று 4 நிமிஷம் தாண்டினால் மூளைக்கு ஆபத்து, உனக்கு ஷாக் அடித்த அன்றைக்கு அதற்குள் உன்னைக் கம்பத்திலிருந்து இறக்க முடிந்தது என்றால், அதற்கு முன்னால் அண்ணன் எங்களை வெயிலில் நிறுத்தி மணல் மூட்டையைப் பெல்ட்டில் கட்டித் தொங்கவிட்டுத் திரும்பத் திரும்ப இறக்க வைத்தார் என்பதால்தான். அன்றைக்குக் கயிறு பிடித்த கைகள் யோசிக்கவே இல்லை, தானாக வேலை செய்தன. பையன் சேருகிற இடத்தில் இந்தப் பயிற்சி கொடுக்கிறார்களா என்று முதல் நாளே விசாரிக்கச் சொல், கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கச் சொல்.

பிறகு நீ சப்ஸ்டேஷனுக்கு மாறினாய், லைனை விட்டுப் போய்விட்டேன் என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டாய். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நான் லைன் கிளியர் கேட்கும்போது ஃபீடர் பெயரை நீ ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லுவாய், நான் ஆமாம் என்ற பிறகு இன்னொரு முறை கேட்பாய். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் ராட்டைக் கையில் எடுப்பேன். நீ ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள் நல்ல பையன்கள், இருந்தாலும் நான் இப்போது அவர்களை மூன்று முறை சொல்ல வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. உன்னுடைய பழைய லெதர் பெல்ட்டைப் பையனுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். உன் மனசு புரிகிறது, ஆனால் கொடுக்காதே. தோல் உள்ளுக்குள் காய்ந்து வெடித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. இடுப்பில் மட்டும் போடுகிற பெல்ட்டில் விழுந்தால் முதுகெலும்புக்குக் கெடுதல், இப்போது தோளுக்கும் தொடைக்கும் சேர்த்துப் போடுகிற ஹார்னஸ் வந்துவிட்டது, அதைத்தான் அவன் போட வேண்டும். பெல்ட்டை வீட்டில் ஆணியில் மாட்டி வை. உன் பிளையரை வேண்டுமானால் கொடு, கைப்பிடி உறை கிழியாமல் இருந்தால். பைண்டிங் நுனி மடிக்கிறது எப்படி என்று நீயே உட்கார்ந்து சொல்லிக் கொடு.

சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் அவனை இங்கே அனுப்பி வை. ராட் போடுவது, மணல் மூட்டை இறக்குவது, இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன், கம்பத்தில் ஏற்ற மாட்டேன், கீழே நிற்கத்தான் முதலில் பழக்குவேன். தங்கச்சியிடம் நான் பேசுகிறேன், போனை அவளிடம் கொடு. எந்த வாரம் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு, லீவு போட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்