பள்ளி யோகா பாடம் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

யோகா பாடங்களில் ஆசனப் படங்களுக்கு முன்னால் அரைப் பக்கம் வரலாறு வருவது வழக்கம். ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை, பதஞ்சலி முனிவர் அருளியது’ என்று அது இரண்டே வரியில் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் சூரிய நமஸ்காரம். படிக்கிற பிள்ளை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த அரைப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஐயாயிரம் ஆண்டு என்ற கணக்குக்குப் பெரிதும் காட்டப்படுவது மொகஞ்சதாரோ முத்திரை ஒன்று. அதில் கால் மடக்கி அமர்ந்த உருவத்தை 1931இல் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் யோகியென விளக்கினார். அந்த முத்திரையில் உள்ள எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை. விளக்கத்தை மறுக்கும் அறிஞர்களும் பலர். தெளிவான சான்று உபநிடதங்களில் தொடங்குகிறது. புலன்களை அசையாமல் நிறுத்துவதே யோகம் என்கிறது கட உபநிடதம். கூழாங்கல்லும் நெருப்பும் இல்லாத சமமான தரையில், மார்பு, கழுத்து, தலை மூன்றும் நிமிர அமரச் சொல்கிறது சுவேதாசுவதர உபநிடதம்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் என்ற நூலில் 195 சூத்திரங்கள், அதாவது சுருக்கமான வாக்கியங்கள். சில பதிப்புகளில் 196. ஆசனத்துக்கு உரியவை மூன்றே மூன்று. இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சி தளர வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். ஓர் ஆசனத்தின் பெயர்கூட அங்கே கிடையாது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் (பகுதியில்) பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகாதனம் எனப் பெயர் சொல்கிறார். எல்லாமே உட்காரும் நிலைகள். 15ஆம் நூற்றாண்டின் ஹட பிரதீபிகை என்ற யோக நூலில் 15 ஆசனங்கள். மயிலாசனமும் வில்லாசனமும் அதில் உண்டு, நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனம் இல்லை. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதையில் எண்ணிக்கை 32 ஆகிறது, மரம்போல் நிற்கும் நிலையும் சேர்கிறது.

இன்று வகுப்பில் செய்யும் தொடர் பயிற்சி பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியவர் மராட்டியப் பகுதியின் அவுந்த் சமஸ்தானத்து அரசர் பவான்ராவ். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் யோகசாலை தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார், துள்ளும் பருவத்துப் பையன்களுக்கு வேகமான ஆசன அடுக்குகளை அமைத்தார். பின்னாளில் சென்னையில் அவரே ஆளுக்கு ஆள் மாற்றிக் கற்பித்தார். புதிது என்பதால் இவற்றுக்கு மதிப்புக் குறையாது. ஆனால் எந்த வயதினருக்காக, எதற்காக அமைந்தது என்பதைச் சொல்லாமல் விடும்போதுதான் உடம்பில் தவறு நேர்கிறது.

மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். திருமந்திரத்தின் 16 மாத்திரை (கால அளவு) பூரகம் (இழுத்தல்), 64 கும்பகம் (அடக்குதல்), 32 இரேசகம் (விடுதல்) என்ற கணக்கு மேடையில் அடிக்கடி ஒலிக்கிறது. மாத்திரையை ஒரு நொடியாக வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 112 நொடி. இயமம், நியமம் என்ற ஒழுக்க நெறிகளும் ஆதனமும் (ஆசனம்) எல்லாம் கைவந்தவருக்கான அளவு அது. பழக்கமில்லாத பிள்ளை மூச்சை அடக்கினால் தோள் மேலேறும், தொண்டை இறுகும், விடும்போது மூச்சு வெடித்து வெளியேறும், தலை சுற்றும். சிங்கத்தையும் யானையையும் பழக்குவதுபோல் மெல்ல மெல்லத்தான் மூச்சைப் பழக்க வேண்டும், இல்லையேல் அது செய்பவனையே கொல்லும் என்று ஹட பிரதீபிகையே எச்சரிக்கிறது. பள்ளிக்கு 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது போதும், ஐந்தாறு சுற்று, அடக்குதல் வேண்டாம்.

பத்மாசனமும் அப்படியே. தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறம் திரும்பினால்தான் பாதம் எதிர்த்தொடையில் படியும். இடுப்பு திரும்பாதபோது கணுக்காலைப் பிடித்து இழுத்தால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் மடங்கி நீளத்தான் அமைந்தது, இப்படி முறுக்கத் தாங்காது. மடித்த போர்வைமேல் உட்காரவைத்து, ஒரு பாதத்தை மட்டும் தொடைமேல் ஏற்றச் சொல்லுங்கள். முழங்காலின் உட்புறம் வலித்தால் உடனே காலைப் பிரிக்க வேண்டும் என்று படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள். கழுத்தில் எடை விழும் சிரசாசனத்தை நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கான பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் அட்டவணையையும் பாருங்கள். எவ்வளவு வளைந்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுத்தால் பிள்ளை வலியை மறைத்து வளையும். நடுங்காமல், மூச்சு சீராக, முகம் சுளிக்காமல் 20 நொடி நிலைத்திருந்தால் முழு மதிப்பெண் என்று மாற்றுங்கள். பதஞ்சலியின் பெயரை அச்சிடும் பாடத்தில் அவர் சொன்ன அளவுகோல்தானே இருக்க வேண்டும்?

இப்படிக்கு,
யோகா ஆசிரியர்கள் சிலர்