மொய் விருந்து வைக்கப்போகும் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்துக்கு, அதாவது ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, பின்னால் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்ப்பணம் வாங்க, பந்தல் போடப்போகும் பெருமக்களே, வணக்கம்.

'தங்கள் நல்வரவை நாடும்' என்று பத்திரிகை அடித்திருக்கிறீர்கள். நாடுவது எந்த வரவை என்பது அடித்தவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். அதில் தப்பில்லை. வங்கி ஈடு கேட்கும். நீங்கள் கறிச்சோறு போட்டுக் கேட்கிறீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வட்டியில்லாமல் மொத்தப் பணம் வேறு எங்கே புரளும்? ஆனால் பாசம் என்று பேசிக்கொண்டு கணக்கை அரைகுறையாக வைப்பதால்தான் பங்காளிச் சண்டை வருகிறது. கடன் என்று ஒத்துக்கொண்டு கடனாகவே எழுதுங்கள்.

நோட்டில் பெயரும் இனிஷியலும் போதாது. ஒரே ஊரில் நாலு 'க. முருகேசன்' இருப்பார்கள். தகப்பன் பெயர், தெரு, பட்டப்பெயர் வரை வேண்டும். பட்டப்பெயரை ஆளிடமே கேட்க எழுதுபவருக்குக் கூச்சமாக இருக்கும். பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரை உட்கார வையுங்கள்.

தொகையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். நீங்கள் முன்பு 5,000 செய்திருக்கிறீர்கள், அவர் இப்போது 7,000 வைக்கிறார் என்றால் 5,000 பழையது, கழிந்தது. புதிதாக வந்த 2,000 மட்டுமே நீங்கள் திருப்ப வேண்டியது. மொத்தமாக 7,000 என்று எழுதி வைத்தால், நாளை உங்கள் மகன் அதை அப்படியே கடனென்று நினைத்து மேலும் போட்டுக் கொடுத்துவிடுவான். கூட வந்ததை யாரும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. குறைந்தால் மட்டும் ஊருக்கே தெரியும்.

பணத்தைக் கொடுத்தவர் முன்னாலேயே எண்ணுங்கள். எண்ணாமல் பெட்டியில் போடுவது பெருந்தன்மை அல்ல; கவரில் 500 என்று எழுதி 400 வைத்தவர் இலையில் உட்கார்ந்த பிறகு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைத்தால் கறிச்செலவு குறையும், ஆனால் கவர் மேசை மாறும். ஒவ்வொரு மேசையிலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வரவேண்டியது முழுதும் வரும் என்று நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது மொய்யும் சேர்ந்து சாய்ந்தது. புயலே இல்லாவிட்டாலும், உங்கள் விருந்தன்று மட்டும் காய்ச்சல் வருகிற ஆட்கள் எல்லா நோட்டிலும் உண்டு.

வரி விஷயமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. மொய் விருந்து கல்யாணம் அல்ல. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானம்தான். சித்தப்பா மகன்கூட அந்தச் சட்டப்படி உறவினர் இல்லை. அது பல குடும்பங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. சரி, கடன்தான் என்றால் ஒருவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரி கட்டும் வருமானம் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. ஆகவே பெரிய தொகைக்காரர்களை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்க நீட்ட முடியாதே என்று முகம் சுளிப்பார்கள். மைக்கில் ஊர் பெயரோடு தொகையை இரண்டு தடவை வாசித்துவிடுங்கள், சரியாகிவிடும்.