காட்டோர நூலகமும் இளையோர் குரலும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, இளைய வாசகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தா பாக்கியும் கூடியிருக்கிறது. அதைப் பற்றி இவ்வளவு போதும். நூலகத்தைப் பற்றியும் அங்கே உட்கார்ந்து பிள்ளைகள் செய்த வேலையைப் பற்றியும்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

முதலில் பூஞ்சை. மழைக்காட்டில் நூலகம் நடத்துகிறவர்களுக்குப் பாதிப் பொழுது ஈரத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இங்கே அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. அதனால் இந்த ஆண்டு அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம், அடித்தட்டை உயர்த்தினோம், புத்தகங்களை நெருக்கி அடுக்குவதை நிறுத்தினோம். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சுதாள் வைத்துக் காயவைக்க வேண்டும். இப்போது இதைப் பிள்ளைகளே பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடைந்து கிடக்கும் புத்தகத்தைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் முதல் விதியாக வைத்தார். ஈரம் அதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்துவிட்டது. அலமாரிகளின் பூட்டை எடுத்துவிடுவது என்று செயற்குழு முடிவெடுத்தபோது, புத்தகங்கள் காணாமல் போகும் என்று சிலர் எச்சரித்தார்கள். சில போகத்தான் செய்தன. போகட்டும், எங்கோ ஒரு வீட்டில் யாரோ படித்துக்கொண்டிருப்பார்கள்.

இணையம் இங்கே வந்தால் வந்ததுதான். அதற்காகக் கிவிக்ஸ் மென்பொருளைக் கொண்டு விக்கிப்பீடியாவை ஒரு சிறு கணினியில் இறக்கி வைத்திருக்கிறோம். இணைப்பே இல்லாமல் படிக்கலாம். மர நிழலில் சூரிய மின்தகடு சரியாக வேலை செய்வதில்லை என்பதால் மாலையில் வாசிப்பு நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் மழைக் குறிப்பேடு. நூலக முற்றத்து மழைமானியை இளையோர் குழு தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூரை, விளையாட்டுத் திடல் என்று ஒன்றையும் விடாமல் கணக்குப் போட்டுத் தீர்த்தார்கள். மழை அளவுக்குப் பக்கத்திலேயே எந்த மரம் பூத்தது, எந்த ஓடை வற்றியது என்றும் எழுதுகிறார்கள். பூக்க வேண்டிய காலம் எது என்பதை மூத்தவர்களிடம் கேட்டுச் சேர்க்கிறார்கள். மூலிகை இருக்கும் இடங்களை மட்டும் எழுதக்கூடாது என்று மூத்தவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

இந்தக் குறிப்பேட்டைக் காட்டி, காலநிலை மாறிவிட்டது என்று யாரும் மேடையில் பேச வேண்டாம். ஓர் இடத்தின் காலநிலை என்று சொல்ல 30 ஆண்டுச் சராசரி வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். நம்மிடம் இருப்பது அதன் தொடக்கம் மட்டுமே. இதை எனக்கு விளக்கியது குறிப்பேடு எழுதும் பெண்தான்.

காட்டின் குறுக்கே சாலையை அகலப்படுத்துவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இளையோர் குழு போய் வந்ததை எல்லோரும் அறிவீர்கள். முழக்கம் எதுவும் போடவில்லை. இரண்டே கேள்விகள்: திட்ட அறிக்கை ஏன் இங்குள்ளவர்கள் படிக்கும் மொழியில் இல்லை? ஓடைகள் பெருகிப் பாதை அடைபடும் மாதத்தில் ஏன் கூட்டம்? இரண்டாவதற்கு மழைக் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார்கள். அறிக்கையின் சுருக்கம் மொழிபெயர்த்துத் தரப்படும் என்றார்கள், இன்னும் வரவில்லை. திட்டம் நிற்கவில்லை, கூட்டம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது.

அந்தத் துணிச்சலில் வாசிப்பு வட்டத்துக்கும் பங்கு உண்டு. கொலம்பியாவில் 7 முதல் 26 வயது வரையுள்ள 25 பேர் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அமேசான் காட்டை உரிமைகள் உள்ள ஒன்றாக ஏற்றது. காடழிப்பைத் தடுக்கத் திட்டம் வகுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. அதன்பின் காடழிப்பு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே படித்தோம். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019இல் எழுப்பிய கோரிக்கையை வனுவாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. அந்தச் செய்தியை வட்டத்தில் மூன்று முறையாவது உரக்க வாசித்திருப்பார்கள்.

நவம்பரில் பிரேசிலில், அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பெலேமில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. மழைக்காடுகளைக் காக்கும் நாடுகளுக்கான நிதியில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது அங்கு தொடங்கிய திட்டத்தின் விதி. ஆனால் காடழிப்பை முடிவுக்குக் கொண்டுவரும் வழித்திட்டம் இறுதி முடிவில் இடம்பெறவில்லை. இதை வைத்து வட்டத்தில் நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். பதாகை பிடித்துப் படம் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வெளியிலிருந்து அடிக்கடி அழைப்பு வருகிறது. பேச இடம் தராத எந்த நிகழ்ச்சிக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காட்டுக்காகப் பேசுகிறவர்களுக்கு மிரட்டல் வரும் காலம் இது. பெற்றோரும் பிள்ளையும் சம்மதிக்காமல் பெயரோ முகமோ வெளியே போகாது.

வரும் ஆண்டில் ஓடைக்கு அக்கரையில் ஒரு கிளை அலமாரி, இரண்டாவது மழைமானி, செயற்குழுவில் வாக்குரிமையோடு இளையோருக்கு இரண்டு இடங்கள் ஆகியவற்றை முன்மொழிகிறேன். மூன்றாவதற்கு விதித்திருத்தம் தேவை, ஆகவே வாக்கெடுப்பு நடக்கும்.

இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்