டேங்குல நல்ல வெள்ளம், வீட்டு பைப்புல?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடிதண்ணி பத்தி நீங்க போட்ட செய்திய வாசிச்சேன். மேல்நிலைத் தொட்டியில எடுத்த சாம்பிள் நல்லாருக்குன்னு அதுல இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கும், அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாங்க குடிக்கிறது அந்த டேங்குல இருந்து தெரு தெருவா பைப்புல ஓடி வீட்டுக்கு வர்ற வெள்ளம் (எங்க ஊர்ல தண்ணிய அப்படித்தான் சொல்லுவோம்), அத யாரும் வந்து எடுத்துப் பாக்கல.

போன ஐப்பசி மழையில எங்க தெருவுல மூணு வீட்ல அடுத்தடுத்து மஞ்சக்காமாலை. அதுல ஒண்ணு எங்க அக்கா மவன், பத்தாங்கிளாஸ் படிக்கான், ஒரு மாசம் ஸ்கூலுக்கே போகல, சோற கண்டாலே ஓங்கரிப்பான். டாக்டர் முதல்ல கேட்டதே எந்த வெள்ளம் குடிக்கீங்கன்னுதான். பிறகு நாங்க நாலஞ்சு பேரு சேர்ந்து போயி பாத்தா தெரு முக்குல மெயின் பைப்பு சாக்கடை ஓடைக்குள்ள முங்கி கெடக்கு, ஜாயிண்ட்ல இருந்து வெள்ளம் பீச்சுது. சப்ளை இருக்கும்போது பிரஷர்ல உள்ள இருக்கது வெளிய வருது சரி, சப்ளைய நிறுத்துனா பைப்பு காலியாகி ஓடையில உள்ளது அதே ஓட்ட வழியா உள்ள போயிரும். எங்களுக்கு மூணு நாளைக்கு ஒருக்காதான் விடுதாவ, அப்போ மிச்ச நேரமெல்லாம் அந்த பைப்பு சாக்கடைய குடிச்சிட்டு கெடக்கு. இதுல லைன்லயே மோட்டார் வச்சு உறிஞ்சுற வீடுங்க வேற, அது இழுக்க இழுக்க ஓட்டைக்குப் பக்கத்துல கெடக்க கழிவும் சேர்ந்து வரும். எங்க வீட்லயும் ஒண்ணு வச்சிருந்தோம், பய படுத்த பிறகு கழட்டிட்டோம்.

நிறைய பேரு பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குன்னு புகார் சொல்லுதாவ. எனக்கு அந்த வாசம் இல்லன்னாதான் இப்போ பயமா இருக்கு. குடிதண்ணிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500ல, குளோரின் போட்ட வெள்ளம் வீட்டு குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும், 100 மில்லியில ஈ-கோலைங்கிற மலக் கிருமி ஒண்ணு கூட இருக்கக்கூடாது. மழைக்கு கலங்குன வெள்ளம் வந்தா அந்த கலங்கலே குளோரின தின்னுரும், அதனால டேங்குல போட்ட அளவு கடைசி வீட்டுக்கு வந்து சேராது. குளோரின் அளவு பாக்குற சின்ன கருவி குளோரோஸ்கோப், அதுல வெள்ளத்த எடுத்து ரெண்டு சொட்டு மருந்து விட்டா மஞ்சளா மாறும், நிறம் எவ்வளவுன்னு பாத்தா போதும், ஒரு நிமிஷ வேல. அத டேங்குக்கு அடியில செய்யாம தெருவோட கடைசி வீட்டு குழாயில செய்யுங்கன்னுதான் கேக்கோம்.

குளோரின கூட்டிப் போட்டா போதும்னும் விட முடியாது. 1955 கடைசியில டெல்லியில யமுனையில சாக்கடை கலந்தப்போ குளோரின் போட்டுதான் விட்டாங்க, காலரா டைபாய்டு பெருகல, ஆனா கிட்டத்தட்ட 29,000 பேருக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. அதனால சாக்கடைய உள்ள விடாம இருக்கதுதான் முதல் வேல.

நம்ம ஜனங்க கிட்டயும் ஒண்ணு சொல்லணும். சீரகமோ, செவப்பு சாயம் இறங்குற பதிமுகம் மரத்துண்டோ போட்டு வெள்ளம் கொதிக்க வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல எப்பவும் உண்டு, நல்ல பழக்கம். ஆனா கல்யாண வீட்லயும் ஓட்டல்லயும் சூடு ஆறட்டும்னு அதுல பச்சவெள்ளத்த ஊத்தி கலந்து வச்சிருதாவ, கொதிக்க வச்சதுக்கே அர்த்தமில்லாம போவுது. பதிமுகத்தோட செவப்புல கலங்கலும் தெரியாது. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க.

ரெண்டு பருவமழையும் பெய்யிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணை 1906லயே கட்டி முடிச்சது, பெருஞ்சாணி அணை இருக்கு, நாகர்கோவிலுக்கு முக்கடல் அணை இருக்கு. மலையில இருந்து இவ்வளவு நல்ல வெள்ளம் இறங்கி வந்தும் கடைசி அரை கிலோமீட்டர்ல கெட்டுப்போறத நெனச்சா நெஞ்சு பொறுக்கல. வாங்க முடிஞ்சவங்க கேன் வெள்ளம் வாங்கிருவாங்க, கூலி வேலைக்கு போற வீட்ல என்ன செய்வாங்க?

நாங்க ரெண்டு தடவ மனு குடுத்தோம். ஆள் வந்து ஜாயிண்ட்ல பழைய சைக்கிள் டியூப்ப சுத்தி கட்டிட்டு போனாவ, பைப்பு இன்னும் ஓடைக்குள்ளதான் கெடக்கு. வைகாசி கடைசியில மழை பிடிக்கதுக்கு முன்ன அத ஓடைய விட்டு தூக்கி மாத்தணும், வார்டு வார்டா வீட்டு குழாயில எடுத்த ரிசல்ட்ட ரேஷன் கடையிலயும் அங்கன்வாடியிலயும் தமிழ்ல ஒட்டணும். பைப்பு கெடக்க போட்டோ இத்தோட அனுப்பிருக்கேன், முடிஞ்சா கடிதத்தோட சேத்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்